ஜிலேபிக் கெண்டைக் குஞ்சும் நமது ஏரிகளும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு காரிய நிமித்தமாகச் சென்னைப் பட்டணம் சென்றிருந்தேன். காலை வேளையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்தருகே சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. படியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் பொரியை அள்ளி நீரில் இறைத்துக்கொண்டிருந்தான். மீன்கள் திரண்டு வந்து அதைக் கவ்வின. ஆனால் உள்ளங்கையளவுள்ள ஒரு மீன்மட்டும் பொரிக்கு வரவில்லை. நீரில் மூழ்கிய படியொன்றின் ஓரத்தில் அசையாது நின்றது. அதன் முன்னே எள்ளை இறைத்தாற்போலக் குஞ்சுகள் மொய்த்தன. சிறுவன் எட்டிப் பார்த்தான். அவன் நிழல் நீரில் விழுந்தது. மறுகணமே குஞ்சுகள் யாவும் அம்மீனின் வாய்க்குள் புகுந்து மறைந்தன. உடனிருந்த அவனுடைய பாட்டியார், "தன் குஞ்சைத் தானே தின்கிறதே, பாவி!" என்றார்.

"தின்னவில்லை அம்மா, ஒளித்து வைத்திருக்கிறது" என்று நான் சொன்னேன். அவ்வம்மையார் நம்பவில்லை. சில நிமிஷங்களுக்குப் பின் அம்மீன் சற்று விலகிச் சென்று, வாயைத் திறந்து, குஞ்சுகளை ஒவ்வொரு கூட்டமாக வெளியே உமிழ்ந்தபோதுதான் நம்பினார். தாயன்பைக் கண்ட மகிழ்ச்சியில் மிச்சமிருந்த பொரியையும் அதற்கே போடச் சொன்னார்.

அவர் கண்டு மகிழ்ந்த அந்தத் தாயன்பே நம் ஏரிகளிலும் குட்டைகளிலும் நாட்டு மீன் அற்றுப்போவதற்கு ஒரு பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம். பயிர்த்தொழிலைப் பற்றிப் பேசவேண்டிய இப்பத்திரிகையில் மீனுக்கு என்ன வேலை என்று சில மிராசுதாரர்கள் கேட்கக்கூடும். ஏரி மீன் குத்தகையின் வருமானம் ஊருக்குச் சேருகிறது. பண்ணைக்குட்டை வெட்டியவர்களில் அநேகர் அதில் மீனும் வளர்க்கிறார்கள். தவிர, குத்தகைக்கு விடும் அதிகாரமும், விடும்போது நிபந்தனை விதிக்கும் பொறுப்பும் இப்பத்திரிகையை வாசிக்கும் கிராம அதிகாரிகள் பலருக்கு உண்டு. ஆகையால் விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மேற்சொன்ன மீனை ஜிலேபிக் கெண்டை அல்லது வெறுமே ஜிலேபி என்று நம் ஜனங்கள் சொல்லுகிறார்கள். பெயரளவில்தான் அது கெண்டை; கெண்டை இனத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சாஸ்திரத்தில் அதற்கு ஓரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ் என்று பெயர். ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் கடலிற் கலக்கும் ஆறுகளே அதன் பிறப்பிடம். 1930-களின் பிற்பகுதியில் அது எப்படியோ ஜாவாத் தீவில் தென்பட்டது. அங்கே முஜாயிர் என்னும் ஒருவர் அதைப் பிடித்து நன்னீரில் பழக்கி வளர்த்தார். அந்நாட்டில் இன்றும் இம்மீனுக்கு அவர் பெயரே வழங்குகிறது. அங்கிருந்து கீழ்த்திசை நாடுகளெங்கும் பரவிற்று. 1952-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பாங்காக்கிலிருந்து மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அது கொண்டுவரப்பட்டது. அதே வருஷத்தில் இலங்கையிலிருந்தும் சென்னை மீன் இலாகாவினர் தருவித்தார்கள். ஏழைகளுக்கு மலிவான மாமிச உணவு கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் குற்றம் சொல்லுவதற்கில்லை. சீமைக் கருவேல விதையை 1877-ல் தருவித்தவர்களும் வறண்ட சீமையில் ஜனங்களுக்கு விறகு கிடைக்கவேண்டும் என்றுதான் தருவித்தார்கள்.

ஏழு வருஷங்களுக்குள் சந்தேகம் பிறந்துவிட்டது. 1959-ல் இந்திய மீன் ஆராய்ச்சிக் கமிட்டியார் இம்மீனைக் கண்ட நீர்நிலைகளிலெல்லாம் விடலாகாது என்று தடை சொன்னார்கள். அதற்குள் மீன் ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. அமராவதி நீர்த்தேக்கத்தில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு ஜிலேபியாகவே ஆயிற்று. ராஜஸ்தானத்தில் ஜயசமந்த் ஏரியில் அது புகுந்தபின் கட்லா, ரோகு முதலிய பெருங்கெண்டைகளின் சராசரி எடை குறைந்துபோயிற்று என்று ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருக்கிறார்கள். உலகத்தில் அந்நியமாகப் புகுந்து மிகுந்த தீங்கு விளைத்த 100 உயிர்வகைகள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் வெளியிட்ட ஜாபிதாவில் இதற்கும் ஓர் இடம் உண்டு. இதிலே ஒரு வேடிக்கை: பிறந்த நாட்டில், பின்னால் கொண்டுவிடப்பட்ட நைல் நதி ஜிலேபியோடு கலந்து கலப்பினமாகி, இம்மீனின் சுத்தமான ஜாதி அருகிவருகிறது. வெளியூரில் சண்டியராயிருப்பவன் சொந்த ஊரில் அடிபடுவதுண்டல்லவா!

இனி அதன் குஞ்சுப் பருவத்தைப் பார்ப்போம். இதை அறியாமல் எடுக்கும் எந்த முயற்சியும் பயன்படாது.

ஆண்மீன் கரையோரத்தில், முழங்காலளவு நீரில், சேற்றையும் மணலையும் வாயால் அள்ளிக் கொட்டி வட்டமான ஒரு பள்ளம் தோண்டுகிறது. சோற்றுத் தட்டளவு இருக்கும். நீர் தெளிந்திருக்கும் காலத்தில் ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் இத்தகைய பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். மாடு மேய்க்கும் பையன்களுக்கு இவை நன்றாகத் தெரியும். பெண்மீன் அப்பள்ளத்தில் முட்டையிடுகிறது. இட்டவுடனே முட்டைகளைத் தன் வாயில் எடுத்துக்கொள்ளுகிறது. அத்துடன் பள்ளத்தின் வேலை முடிந்தது. முட்டை மஞ்சள் நிறமாய், உத்தேசமாக இரண்டு மில்லிமீட்டர் நீளமிருக்கும். சிறிய தாய்க்கு நூறு, இருநூறு. பெரிய தாய்க்கு ஆயிரத்துக்கு மேலும் இருக்கலாம். நம் நாட்டுச் சூட்டில் மூன்று முதல் ஐந்து நாட்களில் முட்டை பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருப் பை ஒன்று தொங்கும். அது கரையும் வரையில் அதற்கு வேறு தீனி வேண்டியதில்லை. அந்நாட்களெல்லாம் தாயின் வாயிலேயே கழிகின்றன. தாய் அக்காலத்தில் பெரும்பாலும் உண்பதேயில்லை. பொரிக்கு வராததன் காரணம் இதுவே. சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்களில் ஒரு சென்டிமீட்டர் நீளமான குஞ்சுகள் வெளிவந்து நீந்தத் தொடங்கும். பின்னும் சில நாட்கள் வரையில், நிழலோ அசைவோ கண்டால் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். அதன்பிறகே அவை கரையோரத்து ஆழமில்லாத வெந்நீரில் கூட்டமாகத் திரியும். அங்கே பெரிய மீன்கள் வரமாட்டா.

ரோகுவும் கட்லாவும் எப்படியென்று இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்து வெள்ளத்தில், ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். லட்சக்கணக்கில் இட்டு, நீரோடு விட்டுவிடும். அவற்றுள் பிழைப்பவை மிகச் சில. ஏரியில் அவை இனம் பெருகா. ஆகவேதான் வருஷந்தோறும் குஞ்சு வாங்கி விடுகிறோம். ஜிலேபியோ சில நூறு முட்டையே இட்டாலும் அவற்றுள் பெரும்பாகம் பிழைக்கிறது. மாதம் ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை இடுகிறது. இடம் நெருக்கடியானால் இரண்டு மூன்று மாதத்துக் குஞ்சே, நான்கு விரற்கடை நீளத்திலேயே, தானும் தாயாகிவிடுகிறது. குட்டை நிறைய மீன் இருந்தும் விலைபோகக்கூடியதாக ஒன்றும் இராமைக்குக் காரணம் இதுதான். நாம் போட்ட தவிட்டையும் பிண்ணாக்கையும் தின்று அவை வளர்வதில்லை, பெருகுகின்றன.

விரால் மீனும் தன் குஞ்சுகளைக் காக்கிறதே என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். உண்மை. செந்நிறக் குஞ்சுகளைப் பந்துபோலத் திரட்டி மேய்த்துச் செல்லும் விராலைப் பார்க்காத குடியானவர் இரார். ஆனால் விரால் மற்ற மீனைத் தின்று வாழ்வது. தானாகவே எண்ணிக்கையில் அடங்கி நிற்கும். ஜிலேபி பாசியையும், நுண்ணுயிர்களையும், மற்ற மீன்களின் முட்டையையும், இளங்குஞ்சையும் எல்லாம் தின்னும்.

முட்டை வாயில் இருப்பதனால் நமக்கு நேரும் சங்கடங்களில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லுகிறேன். சீமைக் கெண்டையின் முட்டை நீர்ச்செடிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது வேண்டாமென்றால் நீர்மட்டத்தைச் சிறிது இறக்கினால் முட்டை காய்ந்து அழியும். ஜிலேபியிடம் அந்த உபாயம் பலிக்காது. நீர் இறங்கினால் தாய் தன் வம்சத்தையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டே ஆழத்துக்குப் போய்விடும். கரையோரப் பள்ளங்களை முள் பலகையால் கலைத்துவிடுங்கள் என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிவந்தேன், இரண்டு கோடைகள் செய்து பார்த்தோம், வீண் வேலை. அதனினும் முக்கியமானது மற்றொன்று. வாயில் குஞ்சுள்ள ஒரு தாய்மீன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மற்றொரு குட்டையில் விழுந்தால், ஜோடி வேண்டியதில்லை. அது ஒன்றே போதும். அடுத்த வருஷம் அக்குட்டை ஜிலேபிக் குட்டை.

அடையாற்றுப் படுகையில் இதை ஒருவர் தெளிவாகக் காணலாம். மேலே மணிமங்கலம், சோமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் ஒன்றன் கலங்கல் நீர் மற்றொன்றில் விழும்படி நம் முன்னோர் கட்டியவை. செம்பரம்பாக்கத்து உபரி நீரும் வழியில் வந்து சேருகிறது. பின்பு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக ஓடி, அடையாற்று முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. மேலேரியில் விட்ட மீன் கீழேரிக்கு வராமலிராது. கலங்கல் வழியே எதிரேறிச் செல்லவும் மீனுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் ஏரி எது, ஆறு எது, வளர்ப்புக் குட்டை எது என்ற பேதமே அப்பக்கத்தில் இல்லாமற்போயிற்று. மற்ற நன்னீர் மீன்களுக்கு முகத்துவாரத்து உப்பு ஒரு வேலியாகும். ஜிலேபிக்கு அதுவும் வேலியன்று. உப்பங்கழியிலும் வளரும், சாக்கடை நீரிலும் வளரும், பிராணவாயு குறைந்தால் நீர்மட்டத்துக்கு வந்து வாய்பிளந்து உயிர் தரிக்கும். அடையாற்றில் இன்று வலைவீசுவோருக்கு மிகுதியாக அகப்படுவது அதுவே. அங்ஙனம் சாக்கடை கலந்த நீரில் பிடித்ததை வாங்கி உண்ண வேண்டாமென்று போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

மாம்பலத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதை வற்றவிட்டுத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. பட்டணத்தார் ஏரியை இழந்தார்கள். நாம் ஏரியை வைத்துக்கொண்டே அதனுள் இருந்தவற்றை இழந்துகொண்டிருக்கிறோம்.

பிறரைக் குறைசொல்லும் முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுவது நியாயம். ஏறத்தாழ இருபது வருஷங்களுக்கு முன், உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்த காலத்தில், என் சரகத்திலிருந்த ஒரு சிற்றேரியில் மீன் குஞ்சு விடும் சடங்குக்கு என்னை அழைத்திருந்தார்கள். குத்தகைதாரர் பாலிதீன் பைகளில் குஞ்சுகள் கொண்டுவந்திருந்தார். "நயமான கெண்டைக் குஞ்சு, ஐயா" என்றார். நான் மேட்டுப்பாங்கான இடத்தில் நின்று, ஊர்ப் பெரியவர்களிடம் உரமிடுவதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பையைத் திறந்து பார்க்கவில்லை. என் கையாலேயே முதற் பையை அவிழ்த்து விடச் சொன்னார்கள், விட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் வருஷம் அவ்வேரி வற்றியபோது வலையில் வந்ததெல்லாம் விரலளவும் உள்ளங்கையளவுமான ஜிலேபி. குத்தகைதாரர் அடுத்த ஏலத்துக்கு வரவேயில்லை. வேறு ஊர் ஏரி எடுத்துவிட்டார். அவ்வூரில் மதகடியில் தண்ணீர் பாயும்போது கூடை வைத்து அயிரை பிடித்து விற்கும் கிழவி ஒருத்தி உண்டு. "அயிரை எங்கே போச்சுங்க ஐயா?" என்று என்னைக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜிலேபி மலிவான மீன், முள் குறைவு, வியாதி எளிதில் தாக்காது. சைதாப்பேட்டைச் சந்தையில் பெருமீன் வாங்க வகையற்றவர்கள் அதை வாங்கிச் சமைக்கிறார்கள். அவர்களிடம் போய் இது அந்நிய மீன், உண்ணாதே என்று சொல்லுவது விவேகமாகாது. உண்ணட்டும், எவ்வளவு பிடித்தாலும் நல்லதே. பிடிப்பதனால் கெடுதல் இல்லை, விடுவதனால்தான்.

கிப்ட் என்று வழங்கும் புது ஜிலேபியைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அது 1988 முதல் பிலிப்பைன்ஸ் தேசத்தில் நைல் நதி ஜிலேபியிலிருந்து பல தலைமுறை பொறுக்கியெடுத்து உண்டாக்கிய ஜாதி. துரிதமாக வளரும். சர்க்கார் அதை வளர்க்க அனுமதி தருகிறார்கள். ஆனால் பதிவு செய்துகொண்டு, ஆண்மீன் மட்டுமாக, வெளியேறாதபடி அடைத்த குட்டைகளில் வளர்க்கவேண்டும் என்பது விதி. ஆண்மீன் மட்டுமாக்குவது எப்படி? குஞ்சு தீனியெடுக்கத் தொடங்கும் முதல் மூன்று நான்கு வாரங்களில் ஆண் ஹார்மோன் கலந்த தீனியைக் கொடுத்தால் பெண்ணாக வேண்டியவையும் ஆணாகி விடுகின்றன. குஞ்சுப் பருவத்தின் அந்தச் சில நாட்களில் செய்யும் வேலை சரியாயிருந்தால் தொழில் சரி. அசிரத்தையானால் எல்லாம் கெட்டது. எவ்வளவு கவனித்தாலும் நூற்றுக்கு நூறு ஆணாவதில்லை. ஆயிரம் குஞ்சில் இருபது பெண் தப்பினாலும், ஒவ்வொன்றும் முந்நூறு குஞ்சு பொரித்தால், முதல் ஈட்டிலேயே ஆறாயிரம் ஆயிற்று. ஆகையால் கரை உயர்ந்த, வெள்ளம் ஏறாத, மடையில் நெருங்கிய வலையடித்த சொந்தக் குட்டையில் அனுமதி பெற்று வளர்ப்பவரை நான் தடுக்கமாட்டேன். ஆயக்கட்டு ஏரியில் விடலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் பதில். இலாகாவில் என்னினும் மேலானவர்கள் சிலர் இதைவிடத் தாராளமான கருத்துடையவர்கள். அவர்கள் வாதத்தைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய கணக்கில் குட்டை உண்டு, கலங்கல் இல்லை.

சொந்தக் குட்டையில் முன்பே ஜிலேபி புகுந்திருந்தால் செய்யவேண்டியது கோடையில்தான். நீரை முற்றும் இறைத்து, அடிச்சேறு வெடிக்கும் வரையில் காயவிடுவது உத்தமம். ஒரு சாண் நீர் தேங்கியிருந்தாலும் ஜிலேபிக்குப் போதும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. மழை பெய்து நிறைந்தபின் மற்ற மீன்களோடு ஜிலேபியும் வரத்தான் செய்தது. முற்றும் இறைக்க இயலாவிட்டால் இலுப்பைப் பிண்ணாக்கைப் பயன்படுத்தலாம். ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நீர் நின்றால் ஏறக்குறைய 300 கிலோ வேண்டும். முதல் நாளே ஊறவைத்துக் கரைத்து எங்கும் பரவலாகத் தெளிக்கவேண்டும். விஷம் இரண்டு மூன்று வாரங்களில் தணிந்து, பின்பு அதுவே எருவாகும். அதுவரையில் ஆடுமாடுகளை நீரண்டை விடலாகாது. நீரை வெளியே பாயவிடவும் கூடாது. பொது ஏரியில் இதைச் செய்ய யாருக்கும் உரிமையில்லை. அங்கே மிச்சமிருக்கும் குறவை, கெளுத்தி, ஆரால் எல்லாம் சேர்ந்து மாளும். ஏரிக்கு விராலே மருந்து. அரையடிக்கு மேற்பட்ட விரால் குஞ்சுகளை விட்டு, இரண்டு வருஷம் விராலைப் பிடிக்காமல் காத்தால், கரையோரத்து ஜிலேபிக் குஞ்சு வெகுவாகக் குறையும். முற்றிலும் ஒழியாது, ஆனால் மற்றவை தலையெடுக்க இடமுண்டாகும்.

இங்கேதான் குத்தகை விஷயம் வருகிறது. ஒரு வருஷத்துக்கே ஏலம் விட்டால் இரண்டு வருஷம் விராலை யார் காப்பார்கள்? ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தைப் பத்து மாதத்தில் எடுக்கப் பார்ப்பார். சீக்கிரம் பெருகுவதையே விடுவார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் நிலையில் நானிருந்தாலும் அதையே செய்வேன். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் குத்தகை விடவேண்டும். எந்த ஜிலேபி ஜாதிக் குஞ்சையும், ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சையும் விடுவதில்லை என்று பத்திரத்தில் எழுதிவாங்கவேண்டும். குஞ்சு விடும் நாளில் ஊராட்சித் தலைவரோ கிராம நிர்வாக அலுவலரோ நேரில் இருந்து, ஒவ்வொரு பையிலும் ஒரு கை எடுத்துப் பார்த்த பின்பே விட அனுமதிக்கவேண்டும். குத்தகைத் தொகை முதல் வருஷம் சிறிது குறையலாம். அதற்கு ஊரார் கூச்சலிடுவார்கள் என்பதும் தெரிந்ததே.

பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறிது நீர் ஊற்றி, பத்துக் குஞ்சுகளை விட்டுப் பாருங்கள். ஓரங்குலக் குஞ்சானால் போதும். முதுகுத் துடுப்பு நீளமாய், அதன் பின்பாகத்தில் ஒரு கரும்பொட்டும், உடலில் மேலிருந்து கீழாக ஆறேழு மங்கலான கோடுகளும் இருந்தால் அது ஜிலேபி. முதுகை விரலால் பின்னிருந்து முன்னாகத் தடவினால் முள் குத்தும். ரோகு, கட்லா, மிருகால் ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு முதுகுத் துடுப்பு குட்டை. அங்ஙனம் வரிசையாகக் குத்தும் முள்ளும் இல்லை. கட்லாவுக்குத் தலை பெரிது. ரோகுவுக்கும் மிருகாலுக்கும் வாலின் அடியில் கறுப்பு அடையாளம் இருக்குமேயன்றி முதுகுத் துடுப்பில் இராது. பையில் நூறில் இரண்டு ஜிலேபி கலந்திருந்தாலும் அந்தப் பையைத் திருப்பி அனுப்புங்கள். பொறுக்கி எடுத்துவிட்டு விடலாம் என்று குஞ்சு வியாபாரி சொல்லுவார், கேட்கவேண்டாம்.

என் ஆபீசில் அத்தகைய தட்டு ஒன்று மேஜைமேல் எப்போதும் இருக்கிறது. புதன்கிழமைதோறும் காலையில் நான் இருப்பேன். ஏரியில் விடுமுன் ஒரு பையைக் கொண்டுவந்தால் கூட இருந்து பார்த்துச் சொல்லுகிறேன்.